வலப்பக்கத் திரை பூசைக்குப் போன நாள்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கதிரையில் இருந்தால் கால் ஆடும், காலை அடக்கினால் விரல் மேசையைத் தட்டும். எண்பதுகளில் சிட்னிக்கு வந்த நாளிலிருந்து சிறுவர் பள்ளியில் உதவியாளர், நூலகத்தில் புத்தகம் அடுக்குபவள் என்று ஓடித் திரிந்து, கடைசியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு வங்கியின் கண்ணாடிக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆட்கள் வருவார்கள், போவார்கள். இந்தப்பக்கம் நான் மட்டும் அசையாமல், பாங்கான சிரிப்போடு.

மொழிபெயர்ப்பு அந்த நாட்களில் பின்னேர வேலை. தொலைநகலில் சுருண்டு வரும் தாளை இரண்டு பக்கமும் கரண்டி வைத்து நிமிர்த்தி, குசினி மேசையில் எழுதுவேன். பிறகு பரீட்சை எழுதி, அதற்குரிய சான்றும் எடுத்தேன். எடுத்த கையோடு வங்கியில் சம்பளமில்லாத ஒரு வருட விடுப்புக் கேட்டேன். வீட்டில் அதற்கு ஒரு ஒப்பந்தம். விடுப்பு முடிவதற்குள் நிலையாக வேலை வந்தால் வங்கிக்குக் கும்பிடு. வராவிட்டால் திரும்பவும் கண்ணாடிக்குப் பின்னால்.

ஒரே திரையில் மொழிபெயர்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஆங்கிலத்தைத் திறந்தால் தமிழ் மறையும், தமிழைத் திறந்தால் ஆங்கிலம் ஒளியும். ஆங்கில வசனம் ஒன்றை உள்ளங்கைத் தண்ணீர் போல ஏந்திக்கொண்டு தமிழுக்கு ஓடுவேன். போய்ச் சேருவதற்குள் பாதி ஒழுகிவிடும். திரும்பி ஓடு, அள்ளு, ஓடு. இருந்த இடத்திலேயே களைப்பேன்.

இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் என் கணவர் ஒரு நாள் தட்டையான புதுத் திரை ஒன்றை வாங்கி, ரயிலில் மடியில் வைத்து, தொட்டில் பிள்ளையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார். ஏற்கெனவே இருந்த திரை பின்பக்கம் பானை போல வீங்கியது. அதைத் தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வயர்களைக் கொழுவி, பெருமையோடு எழும்பி நின்றார்.

அம்புக்குறியை வலப்பக்கம் தள்ளினேன். அது இடப்பக்கத்தால் வந்து எட்டிப் பார்த்தது.

"என்னப்பா இது, முன்வாசலால போனது பின்வாசலால வருது?"

"கொஞ்சம் பழகினாச் சரிவரும்," என்றார் அவர், ஒன்றும் விளங்காத முகத்தோடு.

மகள் அந்தப் பக்கத்தால் போனாள். நின்ற நிலையிலேயே கணினி எலியைப் பிடித்து எதையோ இழுத்து விட்டாள். சரியாகிவிட்டது. "யூ கைஸ்," என்று சொல்லிவிட்டு அப்பிள் கடித்தபடி போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். பழைய திரை கொஞ்சம் மஞ்சள், புதுத்திரை கொஞ்சம் நீலம். ஆகவே ஆங்கிலம் எனக்கு வெயிலில் கிடந்தது, தமிழ் நிலவில் கிடந்தது. நடுவே இரண்டு விரல் அகலக் கறுப்புச் சட்டம். பாய்ந்தால் அந்தக் கரை, பாய்ந்தால் இந்தக் கரை. ஆங்கிலம் பக்கத்தின் பாதியிலேயே முடிந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். தமிழ் இன்னும் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்துகொண்டே இருக்கும். அதைக் காத்திருந்து பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம். என் கால் ஆடுவது நின்றது. ஓடித் திரியும் வேலையைக் கழுத்து எடுத்துக்கொண்டது.

"உம்மைப் பின்னால நிண்டு பார்த்தா ரென்னிஸ் பாக்கிற ஆள் மாதிரிக் கிடக்கு," என்பார் கணவர், தேத்தண்ணியோடு வந்து நின்று. "ஆர் வெல்லுறது?"

"இண்டைக்கு இங்கிலிஷ். தமிழுக்குக் கால் பிரண்டு போச்சு."

விடுப்பு முடியப் போகிற நேரத்தில்தான் அந்த வேலை வந்தது. ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம். நான் அதுவரை அவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும்தான் செய்திருந்தேன். இப்போது சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவு உள்ளவர்கள், எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒரு முழுக் கைநூல். வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பெண் தொலைபேசியில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: இது வரிசையில் முதல் நூல். நேரத்துக்கு, ஒழுங்காக வந்தால் மற்ற நூல்களும் உனக்குத்தான். பிந்தினால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும், குறை நினைக்காதே.

குறை நினைக்கவில்லை. கெடு நாளைத்தான் நினைத்தேன். அது விஜயதசமி காலை ஒன்பது மணி. அதற்கு முதல், நான் முடித்ததை இன்னொரு மொழிபெயர்ப்பாளர் படித்துத் திருத்த வேண்டும். அவர் சிட்னியிலேயே லகெம்பாவில் இருக்கும் காயல்பட்டினத்துப் பெண். என்னை விட இளையவர், என்னை விடக் கண் கூர்மை. அது நோன்பு மாதம். "அக்கா, நீங்க சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. நோன்பு திறந்துட்டு, தொழுதுட்டு உட்கார்றேன், காலையில உங்க கையில இருக்கும்," என்று சொல்லியிருந்தார். அப்படியென்றால் நான் சரஸ்வதி பூசையன்று மாலைக்குள் முடிக்க வேண்டும். புத்தகத்தையும் பேனையையும் தொழில் சாமானையும் சாமியடியில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வரை தொடாமல் இருக்க வேண்டிய அதே நாள்.

பூசைக்கு முதல்நாள் மகள் தன் பாடப்புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வரவேற்பறை மூலையில், கும்பத்துக்கு முன்னால் அடுக்கினாள். உயர்தரப் பரீட்சை அடுத்த கிழமை. வருடம் முழுக்க அவ்வளவு பக்தியை நான் அந்தப் பிள்ளையில் கண்டதில்லை.

"பிள்ளை, கெமிஸ்ட்ரியை எண்டாலும் வெளியில வையன். சோதினை வருது."

"நோ அம்மா. ஐ ரெஸ்பெக்ட் மை கல்ச்சர்." கணக்குப் பொறியையும் மேலே வைத்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்கட கொம்பியூட்டர் எங்க?"

"எனக்கு நாளைக்கு வேலை கிடக்கு."

"வட்? நான் புத்தகம் தொடக் கூடாது, நீங்கள் மட்டும் நாள் முழுக்கத் தட்டலாமோ? தட்ஸ் நொட் ஃபெயார். அப்பா, சொல்லுங்கோ."

அப்பா என்ற மனிதர் கடலை கழுவிக்கொண்டிருந்தார். மகள் சொன்னதில் பிழையில்லை. எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அந்த ஒரு நாளில் நான் புத்தகம் விரித்தது கிடையாது. வங்கியில் வேலை செய்தபோதுகூட அன்று லீவு போட்டவள்.

"இதுக்கேன் சண்டை?" என்றார் அவர், கையை உதறிக்கொண்டு. "அதுதான் ரெண்டு கிடக்கே. ஒண்டைச் சரஸ்வதிக்குக் குடும். மற்றதில நீர் வேலையைப் பாரும்."

"பாதிப் பூசையோ?" என்றாள் மகள்.

"சாமிக்குப் பொங்கேக்க வீட்டில இருக்கிற அரிசி முழுக்கவே போடுறனாங்கள்?"

வழக்கு அதோடு முடிந்தது.

மறுநாள் விடிய எழும்பி, பூசைக்கு முன்னால் முடிந்த அளவுக்கு ஓட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நன்றாக ஓடியது. சோறு, இடியப்பம், பாண், பழம் என்று நூலில் மிச்சமிருந்ததன் பெரும்பகுதி நிலவுப் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. "பொறுங்கோ, நான் குளிச்சிட்டு வந்து தமிழை இந்தப்பக்கம் மாத்தித் தாறன், பிறகு கொண்டு போங்கோ," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். எழுதியதைச் சேமித்து வைக்கவில்லை. சாமியடிக்குப் போகிற அவசரம்.

வந்து பார்த்தால் வலப்பக்கத் திரை மேசையில் இல்லை. அது வரவேற்பறை மூலையில், பட்டு விரித்த பலகையில், புத்தகக் கட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது. கண்ணாடியின் நட்டநடுவில் மூன்று குறிச் சந்தனம், அதன்மேல் குங்குமம், தலையில் ஒரு செவ்வந்தி.

"பொறுக்கச் சொன்னனான் எல்லோ!"

"நல்ல நேரம் முடியப் போகுது. கோயில் கலண்டரைப் பாரும்," என்றார் கணவர்.

"சரி, அப்ப ஏன் அதை எடுத்தனீங்கள்? பொறுக்கேலாதெண்டா தமிழ் இல்லாத மற்றதை எல்லோ எடுத்திருக்கோணும்."

"அந்தப் பானையைத் தூக்கி என்ர இடுப்பும் போறதே? பாரமில்லாததைத்தான் எடுத்தனான்."

பாட்டுப் பாடி, தீபம் காட்டி, அவலும் கடலையும் சர்க்கரைப் பொங்கலும் படைத்து, பூசை முடிந்தது. மனம் நிறைந்துதான் மேசைக்கு வந்தேன். பானைத் திரையில் ஆங்கிலம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வயர் கழன்றதும் தமிழ் தானாக இந்தப்பக்கம் வந்திருக்கும் என்று நினைத்துத் தேடினேன். இல்லை. கீழே இருக்கும் பட்டையில் அதன் பெயர் தெரிந்தது. பெயரைத் தட்டினால் மினுங்கியது, ஆள் வரவில்லை. அம்புக்குறியை வலப்பக்கம் தள்ளினேன். விளிம்பு தாண்டிப் போய் மறைந்தது.

மகளைக் கூப்பிட்டேன். அவள் வந்து இரண்டு மூன்று தட்டுத் தட்டினாள். புருவத்தைச் சுருக்கினாள். பிறகு மெல்லத் திரும்பி வரவேற்பறை மூலையைப் பார்த்தாள்.

"இருக்கு அம்மா. ஆனா அந்த ஸ்கிரீன்ல இருக்கு."

"அது வயர் கழட்டிக் கிடக்கெல்லோ."

"கொம்பியூட்டருக்கு அது தெரியாது. இன்னும் ரெண்டு இருக்கெண்டுதான் நினைக்குது. உங்கட தமிழ் எல்லாம் அங்க போட்டுது." சரஸ்வதியை நோக்கிக் கையைக் காட்டினாள்.

"கொண்டு வரேலாதோ?"

"ஒரு வழி இருக்கு, எனக்கு ஞாபகம் இல்லை. சேவ் பண்ணினீங்களா?"

நான் கும்பத்தைப் பார்த்தேன்.

"அம்மா!"

"கண்ணை மூடிக்கொண்டு சேவ் பண்ணேலாதோ?"

"ஏதாவது கேள்வி கேக்கும். அதையும் அங்கதான் கேக்கும். நாங்கள் யெஸ் எண்டு அடிக்க அது வேற எதுக்காவது யெஸ் எண்டு எடுத்தா? நிப்பாட்டினாலும் எல்லாம் போயிடும்."

ஆக நிலைமை இப்படி. என் விடியல் உழைப்பு முழுவதும், வங்கிக் கண்ணாடிக்கும் எனக்கும் நடுவே நின்ற ஒரே வேலை, சந்தனம் பூசிய இருட்டுக் கண்ணாடிக்குள். வைத்ததை மறுநாள் காலைப் பூசைக்கு முன்னால் எடுக்கக் கூடாது. கும்பத்தை அசைக்கவே கூடாது. கணினியை நிறுத்தினால் எழுதியது போய்விடும். கணவர் குற்றவாளி போல நின்று கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் காயல்பட்டினத்துக்காரி தொலைபேசியில் வந்தார்.

"அக்கா, ஃபைல் எப்ப வரும்? சும்மாதான் கேட்டேன்."

கதையைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு. "அல்லாஹ், நோன்போட இப்படிச் சிரிக்க வைக்காதீங்கக்கா, தொண்டை காயுது. சந்தனம் பூசிட்டீங்களா? கண்ணாடியிலயா?"

"சிரியுங்கோ, சிரியுங்கோ. இனி நான் என்ன செய்யிறது?"

"அத அங்கேர்ந்து எடுத்துட்டு வரக்கூடாது. அவ்வளவுதானே?"

"ஓம்."

"அப்ப நீங்க அங்க போங்களேன். போகக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே?"

தொலைபேசியை வைத்துவிட்டு நாங்கள் மூவரும் மேசையைப் பார்த்தோம். சில்லு வைத்த மேசை. சுவரில் மின்செருகி தூரத்தில் இருந்ததால், புல்வெட்டும் மெசினுக்கு வாங்கிய நீட்டுச் செம்மஞ்சள் வயரில்தான் கணினி ஓடிக்கொண்டிருந்தது. அது பாம்பு போல மேசைக்கடியில் சுருண்டு கிடந்தது.

"தள்ளலாம்," என்றார் கணவர்.

தள்ளினோம். கம்பளத்தில் சில்லு புதைந்தது. மகள் பானைத் திரையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கணவர் வேட்டியை மடித்துக் கட்டிப் பின்னால் நின்று தோள் கொடுத்தார். நான் வயர் இறுகிக் கழன்றுவிடாமல் முன்னால் நின்று வடம் பிடிப்பது போலச் சுருள் சுருளாக விட்டுக்கொண்டு வந்தேன். வெளிச்சம் போட்ட ஆங்கிலம் தள்ளாடித் தள்ளாடி வரவேற்பறையை நோக்கி ஊர்ந்தது.

"அரோகரா!" என்றார் கணவர்.

"டாட், சிரிக்க வையாதீங்கோ, விழுத்திப் போடுவன்!"

"தேர் எண்டா அப்பிடித்தான் ஆடும், பிடி, பிடி."

வாசல் நிலையில் ஒருமுறை முட்டி நின்றது. ஒரு பக்கம் சரித்து மீண்டும் தள்ளினோம். சோபாவை நகர்த்தினோம். கடைசியில் தேர் சரஸ்வதிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கணவர் குனிந்து, கும்பத்தைத் தொடாமல், பூவைக் குலைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு வயரைக் கொழுவினார். அலங்கார விளக்குக்குப் பக்கத்திலிருந்த செருகியில் திரைக்கு மின்சாரம் கொடுத்தார்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு செவ்வந்திக்குக் கீழே நீலமாக ஒரு நிலவு எழும்பியது. சந்தனக் குறிக்கு மேலும் கீழும், எழுத்தெழுத்தாக, என் தமிழ். மூவரும் ஒரே நேரத்தில் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் முதல் செய்த காரியம் சேமித்தது. இரண்டாவது செய்த காரியம், கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இனி வேலை. ஆங்கிலம் மேசையில், உயரத்தில். தமிழ் பலகையில், தரையோடு. அதுவரை வலமும் இடமும் ஆடிய கழுத்து இப்போது மேலும் கீழும் ஆட வேண்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்குமான இரண்டு பார்வைக் கண்ணாடியோடு அது நடக்கிற காரியம் இல்லை. சந்தனத்தைத் துடைக்கவும் மனம் வரவில்லை. நான் கதிரையில் இருந்து ஆங்கிலத்தைப் பார்த்துத் தட்டினேன். மகள் பாயில் சம்மணம் கட்டி, சந்தனத்தைத் தாண்டி எட்டி எட்டிப் பார்த்து, நான் அடித்த தமிழை உரக்க வாசித்தாள்.

"இது படிப்பு இல்லைத்தானே?" என்று முதலில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"இல்லை, சாமிக்கு வாசிச்சுக் காட்டுறது."

"ஓகே. 'மாவுச்சத்து நிறைந்த உணவு வகைகளை உட்கொள்ளும் அளவினைக் கட்டுப்பாட்டினுள்...' அம்மா, இதை ஆர் விளங்குவினம்?"

"பெரிய ஆக்கள் விளங்குவினம்."

"அப்பா, உங்களுக்கு விளங்கிச்சுதோ?"

"எனக்குப் பசிச்சுது," என்றார் அவர்.

"சோத்தைக் குறையுங்கோ எண்டுதானே சொல்லுறீங்கள்? அதைச் சொல்லுங்கோவன்."

சொன்னேன். இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தபோது எனக்குத் தெரியாத ஒன்று, காதால் கேட்டபோது தெரிந்தது. ஆங்கிலத்தின் பக்கத்திலேயே நின்று நின்று என் தமிழும் அதைப் போலவே முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வசனமாகப் பொத்தானைக் கழற்றினேன். பிள்ளை வாசிக்க வாசிக்கத் திருத்தினேன். ஒரு கைப்பிடி சோறு, ஒரு உள்ளங்கை மீன், அரைக் கோப்பைப் பழம். மாலை வெயில் யன்னலால் வந்து கும்பத்துத் தேங்காயில் இருந்தது.

'இனிப்புப் பண்டங்களை விசேட நாட்களில் மட்டும், சிறிதளவு சாப்பிடுங்கள்' என்று மகள் வாசித்தபோது கணவர் மூன்றாவது முறையாகச் சர்க்கரைப் பொங்கலில் கை வைத்திருந்தார்.

"அப்பா!"

"விசேட நாள் எண்டுதானே கிடக்கு?"

"சிறிதளவு எண்டும் கிடக்கு."

"அது சந்தனத்துக்குப் பின்னால மறைஞ்சு போச்சு. எனக்குத் தெரியேல்லை."

லகெம்பாவில் நோன்பு திறப்பதற்கு முன்னால் கைநூல் போய்ச் சேர்ந்தது. "வந்துடுச்சுக்கா. கஞ்சி குடிச்சிட்டுப் பார்க்கிறேன். சந்தன வாசம் அடிக்குது," என்று ஒரு வரி வந்தது.

விஜயதசமிக் காலை, பூசைக்குப் பிறகு, திருத்திய பிரதி என் பெட்டியில் இருந்தது. திருத்தம் மிகக் குறைவு. ஓரத்தில், "இதுவரை நீங்க அனுப்பினதுலயே இதுதான் பேசுற மாதிரி இருக்கு, என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருந்தார். ஒன்பது அடிப்பதற்கு முன்னால் நிறுவனத்துக்கு அனுப்பினேன். பிறகு இருப்புக் கொள்ளாமல் வீட்டைச் சுற்றி வந்தேன். மகள் தன் புத்தகங்களை வேண்டா வெறுப்பாகத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனாள். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுவனத்துப் பெண் தொலைபேசியில் பேசினாள். அடுத்தது சிறுநீரகம், அதற்கடுத்தது பாதப் பராமரிப்பு, எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள். இன்றைக்கே என்றேன்.

ஆனால் அன்றைக்கு முதலாவதாக எழுதியது வேறு. மேசை இன்னும் வரவேற்பறையில்தான் நின்றது, திரும்பத் தள்ள ஒருவருக்கும் தென்பில்லை. வலப்பக்கத் திரையை எடுத்து மேசையில், அதன் இடத்தில் வைத்தேன். நெற்றிக் குறியோடுதான். பானைத் திரையில் வங்கி முகாமையாளருக்கு இரண்டு வரி ஆங்கிலம் அடித்தேன்: விடுப்புக்கு நன்றி, நான் திரும்பி வரவில்லை. கணவர் பின்னால் வந்து நின்று வாசித்தார்.

"வலப்பக்கம் சும்மா கிடக்கு," என்றார். "அதில தமிழிலயும் ஒருக்கா அடியுமன். நல்ல நாள்."

அடித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு வரியாக இருந்தது தமிழில் ஒரு பக்கத்துக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற வருடங்கள், கால் கடுத்தது, சிரித்தது, அங்கே ஒவ்வொரு வியாழனும் எனக்காகச் சாக்லட் கொண்டுவந்த கிழவர் வரைக்கும். அனுப்பியது இடப்பக்கத்தை மட்டும்.